தட்டை யார் கழுவுவது

எங்கள் வீட்டில் உலகத்தைக் காப்பாற்றும் வேலை பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கும். அதாவது நான் கந்தோரால் வந்து கைப்பையைக் கதிரையில் வைத்த உடனே. காலையில் சந்தைக்குக் கொண்டுபோன துணிப்பைகளை அலச வேண்டும். மீன் வாங்கிய தகர டப்பாவைச் சாம்பலும் பழப்புளியும் போட்டுத் தேய்க்க வேண்டும். மரக்கறித் தோலைப் பசளைக் குழியில் கொட்டி மேலே சருகு போட வேண்டும். உடுப்புத் தோய்த்த தண்ணீரை வாளியில் தூக்கிப் போய் வாழைக்கு ஊற்ற வேண்டும். பிறகு அடுப்பு. குசினியில் காஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அது காலைத் தேநீருக்கு மட்டும். இரவுச் சமையல் பின்பக்கத்துக் கொட்டிலில், பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் வைத்து எரிக்கிற அடுப்பில்தான். இதெல்லாம் முடித்து நான் நிமிரும்போது உலகம் அன்றைக்குத் தப்பியிருக்கும். என் முதுகு தப்பியிருக்காது.

உலகத்தைக் காப்பாற்றுவதென்று தீர்மானித்தவர் என் கணவர். அவர் விஞ்ஞான ஆசிரியர். பாடசாலையில் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பு. வேறு பாடசாலைகளிலும் கூப்பிட்டால் போய்ப் பேசுவார். ஒருமுறை புல்மோட்டை வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பேசிவிட்டு வந்தார். நன்றாகத்தான் பேசுவார், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்களாம். பேசி முடித்துப் பசியோடு வீட்டுக்கு வருவார். அவர் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை நான் கழுவுவேன்.

கழகத்துப் பிள்ளைகள் பலகையொன்றில் பச்சை மையால் எழுதி எங்கள் படலையில் கொண்டுவந்து மாட்டினார்கள். ‘பொலித்தீன் அற்ற இல்லம்.’ அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை, பொருட்காட்சியாகிவிட்டது. கையில் சொப்பிங் பேக்குடன் வரும் சொந்தக்காரர்கள் அதைப் படலைக்கு வெளியே மதிலோரம் ஒளித்து வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். போகும்போது சில பேர் மறந்துவிட்டுப் போவார்கள். அதையும் நான்தான் பொறுக்க வேண்டும்.

இது இப்படித் தொடங்கவில்லை. காஸும் பெற்றோலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், திருகோணமலையில் எல்லா வீட்டிலும் விறகடுப்புதான் எரிந்தது. பெரிய உத்தியோகத்தர்கள் எல்லாம் உட்துறைமுக வீதியில் சைக்கிள் மிதித்தார்கள். என் கந்தோரில் என் மேலதிகாரி தான் வீட்டில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொத்திய விறகைப் பற்றிக் கதைத்தார். யார் வீட்டில் புகை வந்தாலும் யாரும் சிரிக்கவில்லை. அப்போது எங்களுக்குக் கஷ்டம் இருந்தது, ஆனால் வெட்கம் இருக்கவில்லை. பிறகு கப்பல் வந்தது, காஸ் வந்தது, எல்லாரும் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள். என் கணவர் மட்டும் இறங்கவில்லை. “இதுதான் சரியான வாழ்க்கை, நாங்கள் ஏன் திரும்பிப் போக வேணும்?” என்றார். சரியான வாழ்க்கைதான். ஆனால் அதை வாழ்வதற்கு ஒரு ஆள் முழுநேரமும் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அவருடைய பிடிவாதத்துக்கு உள்ளே இன்னொன்றும் இருந்தது. அது எனக்குப் பிந்தித்தான் பிடிபட்டது. மகளின் பிறந்தநாளுக்கு அவள் பலூன் கேட்டாள். பலூன் கடலுக்குப் போனால் ஆமை விழுங்கும் என்றார். புதுச் சப்பாத்துக் கேட்டாள். பழையதைத் தைத்துப் போடுவதுதான் இயற்கைக்கு நல்லது என்றார். கேக்குக்கு மேலே பிளாஸ்ரிக் பொம்மை வேண்டாம் என்று தொடங்கி, முடிவில் கேக்கே வேண்டாம் என்று வந்து நின்றார். பிள்ளையின் முகத்தைப் பார்த்து ‘காசில்லை’ என்று சொல்ல அவரால் முடிவதில்லை. ‘சூழலுக்குக் கூடாது’ என்று சொன்னால் அந்த வார்த்தை தொண்டையில் சிக்காமல் வெளியே வருகிறது. இரண்டு அரசாங்கச் சம்பளம் என்று ஊருக்குப் பெயர், மாதக் கடைசியில் எங்களுக்குத்தான் தெரியும். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தபடியால் என் கோபம் குறையவில்லை, அதை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் மூங்கில் குழாய் போட்டு இளநீர் கொடுத்தால், அது இயற்கையோடு இயைந்த வாழ்வு. படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் மீன் வாங்கத் தகர டப்பாவோடு போனால் மீன்காரர் பக்கத்துக் கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டுகிறார்.

“என்ன மிஸ், கறிச் சட்டியையும் கொண்டு வந்திருக்கலாமே. இஞ்சையே காய்ச்சிக் குடுத்திருப்பன்” என்று அவர் ஒருநாள் சொன்னார். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன், பரீட்சை வராமல் இருந்திருந்தால்.

கந்தோரில் நான் அடுத்த தரத்துக்குப் போவதற்கு ஒரு பரீட்சையில் சித்தியடைய வேண்டும். தாபனக் கோவை, நிதிப் பிரமாணம் என்று இரண்டு தடித்த புத்தகங்கள். யாருக்கு எத்தனை நாள் லீவு, எந்தச் சாமானை யார் கையெழுத்துப் போட்டு வாங்கலாம் என்பதையெல்லாம் வாசகம் வாசகமாகப் பாடமாக்க வேண்டும். போன தடவை எழுதித் தவறிவிட்டேன். என்னோடு சேர்ந்தவர்கள் சித்தியடைந்து மேலே போய், இப்போது நான் கொண்டுபோகும் கோப்பில் ‘திருத்தி வரவும்’ என்று சிவப்பு மையால் எழுதுகிறார்கள். இந்தத் தடவையும் தவறினால் என் சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கள் வீட்டில் கொஞ்சம் மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே வழி அந்தப் பரீட்சைதான். மகளுக்கு உயர்தரத்துக்கு ரியூசன் வேண்டும். அவளிடம் ‘ரியூசன் சூழலுக்குக் கூடாது’ என்று சொல்ல முடியுமா?

நிதிப் பிரமாணத்தைக் கொட்டிலில் சாம்பல் பேணியில் சாய்த்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு கையில் ஊதுகுழல், ஒரு கையால் பக்கம் திருப்புவது. ஊதினால் பக்கம் பறக்கும், ஊதாவிட்டால் அடுப்பு நூரும். புத்தகத்தின் முதல் பாதி கரிப்பிடித்துப் போயிற்று. இரண்டாம் பாதி சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அதுவரைக்கும் நான் போகவேயில்லை.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கடிதம் வந்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அதற்கு முதல் நாள் சனிக்கிழமை மாமாவின் ஆட்டைத் திவசம். என் கணவருடைய தகப்பனார் காலமாகி ஒரு வருஷம். திதியை யாரும் தள்ளிவைக்க முடியாது, மூத்த மகன் வீட்டில்தான் செய்ய வேண்டும், முதல் வருஷம் என்றால் சொந்தம் முழுக்க வரும். இதில் யாரிலும் பிழை இல்லை. மாமா நல்ல மனிதர், என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். அவருக்குச் செய்வதில் எனக்கு ஒரு சலிப்பும் இல்லை.

சலிப்பு எதில் என்றால், தட்டில்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டாலும் தட்டின்மேல் லஞ்ச் சீற்றை விரித்துவிட்டுத்தான் சோறு போடுவார்கள். மெல்லிய பொலித்தீன் தாள். சாப்பிட்டு முடிந்ததும் எச்சிலோடு அதைச் சுருட்டி எடுத்தால் கீழே தட்டுப் புதிதுபோல இருக்கும். கழுவத் தேவையில்லை. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் மடம் எல்லா இடமும் இதுதான். யார் கண்டுபிடித்தாரோ, அவர் வீட்டில் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும். அந்தத் தாள்தான் என் கணவருக்கு உலகத்திலேயே பெரிய எதிரி. சுருட்டி எறிந்த தாளை, எங்கள் நகரத்துத் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்கள் சோற்று வாசத்துக்காகத் தின்கின்றன. பஸ் நிலையத்துப் பக்கம் செத்துக் கிடந்த மானொன்றின் வயிற்றைக் கிழித்தபோது உருண்டையாகப் பொலித்தீன் இருந்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது இப்போதும் குரல் மாறும்.

“வாழையிலையில போடுவம். எங்கட வாழை நிக்குதுதானே” என்றார்.

எங்கள் வாழை. தோய்த்த தண்ணீர் ஊற்றி நான் வளர்த்த வாழை. ஆனால் அது கச்சான் காலம். மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காய்ந்த காற்று வாழையிலையை நார்நாராகக் கிழித்துவிடும். கந்தளாயில் இருக்கிற மச்சாளுக்கு, அவருடைய தமக்கைக்கு, இலை கொண்டுவரும்படி தொலைபேசியில் சொன்னார். மச்சாள் பேசுவது எனக்கும் கேட்டது.

“இஞ்சையும் காத்துத்தான் தம்பி. இலை எல்லாம் தும்பு. பேசாமல் லஞ்ச் சீற் போடுங்கோவன், ஊரெல்லாம் அதுதானே செய்யுது.”

“அப்பாட திவசத்தில பொலித்தீனோ? என்ர வீட்டில அது நடக்காது அக்கா.”

மதில் மறைவில் கிழியாத இலைகள் கொஞ்சம் இருந்தன. அவற்றைச் சாக்கால் மறைத்து நான் பொத்திப் பொத்திப் பாதுகாத்தேன். வியாழக்கிழமை காலை படலையை யாரோ சரியாகச் சாத்தவில்லை. நான்கு மான்கள் உள்ளே வந்து, சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, இலை, குருத்து எல்லாவற்றையும் தின்றுவிட்டு நின்றன. நான் தும்புத்தடியோடு ஓடிப்போனேன். அவை அசையவில்லை. ஒரு மான் குருத்தை மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தது. எந்தப் பிராணிக்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ அதுவே வந்து எங்கள் இலையைத் தின்றால் யாரிடம் போய் முறையிடுவது? படையலுக்குத் தேவையான இரண்டு இலையை மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன்.

அன்று பின்னேரம் அவர் சனசமூக நிலையத்திலிருந்து எவர்சில்வர் தட்டுகளைக் கட்டுக்கட்டாக முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

“இலை இல்லாட்டி என்ன? தட்டில போடுவம். வெறும் தட்டில.”

“கழுவிறது ஆர்?” என்று கேட்டேன்.

“எல்லாருமாச் சேர்ந்து கழுவுவம்.”

எங்கள் வீட்டில் ‘எல்லாரும்’ என்றால் நான். இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இஞ்சாருங்கோ, நான் பகிடி விடேல்ல. ஞாயிற்றுக்கிழமை விடியச் சோதினை. சனிக்கிழமை சமைக்கிறதும் நான், பரிமாறிறதும் நான். பிறகு அறுபது எழுபது தட்டையும் நான் கழுவினால் எப்ப படிக்கிறது? தண்ணிக்கு எங்க போறது?”

“பின்னேரம் கிடக்குத்தானே. நீர் சும்மா யோசியாதையும். உமக்கு எல்லாம் தெரியும்.”

எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறார்கள். மகள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயது, வாய் என்னைப்போல.

“அப்பா காப்பாத்திற உலகத்தை நீங்கள்தானேயம்மா கழுவிறீங்கள்” என்றாள்.

அவர் அவளைப் பார்த்து முறைத்துவிட்டு வெளியே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பிறகும் அவருக்கு விளங்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

தண்ணீர் சும்மா சொன்ன சாட்டு அல்ல. கச்சானுக்குக் குளம் வற்றினால் பைப் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் விடியலில் விடுவார்கள். சனி விடிய வந்தால் இனித் திங்கள் விடியத்தான். எங்கள் கிணற்றில் அந்த மாதத்தில் அடியில் கிடப்பது உவர். வாளியில் பாதி மண்ணாக வரும், கால் கழுவலாம், வேறெதற்கும் ஆகாது. சனிக்கிழமை விடியப்புறம் எழும்பி, தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பரல் மூன்றையும் நிறைத்தேன். சமையலுக்கு ஒன்று, வந்தவர்களுக்குக் கைகால் கழுவ ஒன்று, கடைசிப் பரல் ஞாயிறு நாங்கள் முழுகிப் புறப்படுவதற்கு. மூடி போட்டு, மேலே கல்லும் வைத்தேன்.

விறகடுப்புகள் மூன்று மூட்டி மச்சாளும் நானும் சமைத்தோம். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பூசணிக்காய், பாயசம். ஐயர் வந்து கிரியைகளை முடித்தார். மாமாவின் படத்துக்கு முன்னால் படைத்தோம். என் கணவர் கும்பிட்டபோது அழுதார், நானும் அழுதேன். அதுவரைக்கும் நான் அமைதியாகத்தான் இருந்தேன். பிறகு பந்தி போடுவதற்காகக் குசினிக்குள் வந்தவள், அடுக்கி வைத்த தட்டுகளைப் பார்த்தேன். கட்டுக்கட்டாக என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. சமையல் பரல் காலி. கைகழுவும் பரலில் பாதி. நிதிப் பிரமாணத்தில் பாதிப் புத்தகம் மிச்சம். பின்னேரம் இந்தத் தட்டுகளுக்கு முன்னால் நான் குந்தியிருக்கப் போவதும், பக்கத்தில் நின்று அவர் யாரிடமோ பொலித்தீனைப் பற்றிப் பேசப் போவதும் எனக்கு அப்படியே தெரிந்தது. தலைக்குள் ஏதோ அறுந்தது.

சீலையைச் செருகிக்கொண்டு முன்வாசலால் வெளியே போனேன். மூலைக்கடைக்குப் போய், “ஒரு பெட்டி லஞ்ச் சீற் தாங்கோ” என்றேன்.

கடைக்கார நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சேர் வீட்டுக்கா மிஸ்?”

“ஓம்.”

“மிஸ், சேர் போன மாசம் வந்து இத விக்காதீங்க எண்டு அரை மணித்தியாலம் கதைச்சிட்டுப் போனவர். அவருக்காகத்தான் நான் உள்ளுக்கு வெச்சி விக்கிறன்.” குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். கள்ளச் சாமான் மாதிரி அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றத் தொடங்கினார்.

“சுத்த வேண்டாம் நானா. இப்பிடியே தாங்கோ.”

அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க நடந்துவந்து, பந்தலில் இருந்த சொந்தக்காரருக்கு நடுவால் உள்ளே போனேன். மகளைக் கூப்பிட்டேன். ஒன்றும் கேட்காமல் அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். நாங்கள் இருவரும் ஒவ்வொரு தட்டாக விரித்து மூடினோம். மச்சாள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா. இப்பதான் ஒரு மனிசர் வீடு மாதிரிக் கிடக்கு.”

அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கை நிற்கவில்லை.

அவர் சோற்றுக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். தட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சபை நடுவே என்ன சொல்வது? பாடசாலையில் அவரோடு படிப்பிக்கிற ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து தட்டைப் பார்த்துவிட்டு இருமினார். என் கணவர் அகப்பையை எடுத்து லஞ்ச் சீற்றின்மேல் சோற்றைப் போட்டுக்கொண்டே போனார். எல்லாத் தட்டுக்கும் போட்டு முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் போன தடவை சோதினையில் தவறினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாப்பிட்டவர்கள் தாளைச் சுருட்டி உரப்பையில் போட்டுவிட்டு எழும்பினார்கள். தட்டுகள் பளபளவென்று இருந்தன. மகள் அவற்றை அடுக்கிக் கட்டினாள். நான் கையைக் கழுவிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சொந்தக்காரர் நிறைந்த வீட்டில், பகல் வேளையில், நான் கதவைச் சாத்திக்கொண்டு படித்தது அதுதான் முதல் தடவை. சுத்தமாக இருந்த அந்த இரண்டாம் பாதியைத் திறந்தேன். பொருட்கொள்வனவு, களஞ்சியம், நட்டத்துக்குப் பொறுப்பு யார் என்கிற பிரிவுகள். மண்டையில் ஏறியது. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது, நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு மாமாவின் நினைவுகூட இல்லை.

வெளியே தண்ணீர் சிந்தும் சத்தம் கேட்டது. தொடர்ந்து கேட்டது. யன்னலைத் திறந்து பார்த்தேன்.

என் கணவர் பரலடியில் குந்தியிருந்தார். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. உரப்பையிலிருந்து ஒவ்வொரு லஞ்ச் சீற்றாக எடுத்து, சோற்றை உதறி, தும்பால் தேய்த்து, தண்ணீரில் அலசி, பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கல்லை இறக்கி மூடியைத் திறந்து எடுத்தது கடைசிப் பரல். உடுப்புக் காயப்போடும் கயிற்றில் லஞ்ச் சீற்றுகள் வரிசையாகத் தொங்கிக் கச்சான் காற்றில் படபடத்தன. சொந்தக்காரர் பந்தலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பதினெட்டு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு தட்டைக் கழுவி நான் பார்க்கவில்லை. தட்டென்றால் இரண்டு தரம் தேய்த்தால் முடிந்தது. அந்த வழுக்குகிற தாளைக் கழுவுவது எத்தனை மடங்கு வேலை!

“என்ன செய்யிறீங்கள்?” என்று யன்னலால் கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. “இதை இப்பிடியே எறிஞ்சால் நாளைக்கு மான் தின்னும். கழுவினால் வாசம் இராது” என்றார்.

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம். பிழையாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்து வென்றிருப்பேன். எப்போதும் அவர் சொல்வது சரி, எப்போதும் செய்வது நான். இன்றைக்கு அவரே செய்கிறார், அதற்கும் என் தண்ணீர்தான் போகிறது.

மச்சாள் யன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

“எணேய், அவன் தனியக் கிடந்து கஷ்டப்படுறான். நீர் போய்க் கொஞ்சம் அலம்பிக் குடுமன். ஆக்கள் பாக்கினம்.”

“எனக்கு நாளைக்குச் சோதினை மச்சாள்” என்றேன். யன்னலைச் சாத்தினேன். பக்கத்தைக் கண்டுபிடித்துத் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தேன். அதே வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது, பிறகு மெல்ல மெல்ல அடுத்த வரிக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

ஞாயிறு விடியக் குளிக்கப் போனால் மூன்று பரலிலும் தண்ணீர் இல்லை. கடைசிப் பரலின் அடியில் நாலைந்து சோற்றுப் பருக்கைகள்தான் கிடந்தன. பக்கத்து வீட்டிலும் அதே நிலைமை. கிணற்று வாளியில் சேறு. முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்ற உடம்பு, தலையெல்லாம் புகை நாற்றம். அழுகை வந்தது. மகள்தான் பந்தலுக்குள் தேடிப்போய், மச்சாளாக்கள் கந்தளாயிலிருந்து வாங்கி வந்து பாதி குடித்து விட்டுப்போன பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக் கொண்டுவந்தாள். இரண்டு பெரிய போத்தலில் கிடந்தது. அந்தத் தண்ணீரில் முகம், கை, கழுத்து கழுவினேன். துவாயை நனைத்து உடம்பைத் துடைத்தேன். தலைக்கு நல்லெண்ணெய் தடவி இழுத்துக் கட்டினேன். சீலையை உடுத்து, அனுமதிக் கடிதத்தையும் பேனைகளையும், எறிவதற்கு வெறும் போத்தல்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அவர் விறாந்தையில் குந்தியிருந்து, காய்ந்த லஞ்ச் சீற்றுகளை ஒவ்வொன்றாகத் தடவி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. என் கையில் இருந்த வெறும் போத்தல்களைக் கண்டார்.

“தண்ணி எங்கால?”

“மச்சாளாக்கள் குடிச்ச மிச்சம். அதிலதான் முகம் கழுவினனான். நீங்கள் மிச்சம் வைச்சது வேற ஒண்டுமில்லை.”

அவர் பரல்கள் நின்ற பக்கம் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. முகம் செத்துப் போயிற்று. எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார் என்று ஒரு கணம் நின்றேன்.

“போத்திலை எறிஞ்சிடாதையும். பாதியா வெட்டிப் பயிர்க்கண்டு வைக்கலாம்” என்றார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. போத்தல்கள் இரண்டையும் அவருடைய மடியில், அந்த லஞ்ச் சீற்றுகளின்மேல் வைத்தேன். சனசமூக நிலையத்துத் தட்டுக் கட்டுகளையும், காலிப் பரல்களையும், கொட்டிலில் கரிபிடித்துக் கிடந்த கிடாரங்களையும் கையால் காட்டினேன். “நான் வரப் பின்னேரமாகும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் போனேன்.